ஆற்றலும் கடனும்: ஜோ பௌமனின் ஆட்ட வாழ்வை முன்வைத்து ஒரு விசாரணை

"அவனிடமிருந்த கெட்டித்தனத்துக்கு அவன் எங்கேயோ இருந்திருக்க வேண்டியவன்" என்று ஒருவரைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு. இரக்கத்தோடு சொல்லப்படும் கூற்றே எனினும் இதனுள் ஒரு குற்றச்சாட்டும் மறைந்து கிடக்கின்றது. 'இருந்திருக்கக் கூடியவன்' என்று கூறினால் அது வெறும் மதிப்பீடு. 'இருந்திருக்க வேண்டியவன்' என்று கூறும்போது அங்கே ஒரு கடப்பாடு நுழைந்து விடுகின்றது. ஆற்றல் பெற்றவன் அதனை அது சென்றடையக்கூடிய மிக உயர்ந்த இடம்வரை கொண்டுசெல்லக் கடமைப்பட்டவன் என்பதும், கொண்டுசெல்லாது விட்டால் எதையோ செலுத்தத் தவறியவன் ஆகின்றான் என்பதும் அக்கூற்றின் உட்கிடை. இது எவருக்குச் செலுத்த வேண்டிய கடன், எப்போது ஏற்பட்ட கடன் என்ற வினாக்கள் பொதுவாக எழுப்பப்படுவதில்லை. ஒழுக்கவியலின் இவ்வினாவை அருவமாக ஆராய்வதிலும் பார்க்க, ஒரு மனிதனின் வாழ்வில் வைத்து ஆராய்வது பயன் தரும். அதற்கு ஏற்ற ஒருவர், இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஐக்கிய அமெரிக்காவின் சிற்றூர்களில் பேஸ்போல் ஆடி, இறுதிவரை அவ்வாட்டத்தின் உயர்தளத்தை எட்டாமலே ஓய்வு பெற்ற ஜோ பௌமன் என்பவராவார்.

வாழ்க்கையில் மங்கலாகவே தெரியும் ஏணி ஒன்றை அமெரிக்கப் பேஸ்போல் வெளிப்படையாகவே கட்டி வைத்திருந்தது. அதன் உச்சியில் இருந்தவை பெரு லீக்குகள். 1954 இல் அவற்றிலே 16 குழுக்களே இருந்தன. குழுவொன்றுக்கு 25 பேர் என்று கொண்டால், நாடு முழுவதிலும் ஒரே வேளையில் ஏறத்தாழ 400 பேருக்கே அங்கு இடமிருந்தது. அதற்குக் கீழே சிறு லீக்குகள் படிப்படியாக அடுக்கப்பட்டிருந்தன: மூன்று 'ஏ', இரண்டு 'ஏ', ஒற்றை 'ஏ', பின்னர் 'பி', 'சி', 'டி' என்பன அவற்றின் வகுப்புகள். போர் முடிந்து இளைஞர் ஊர் திரும்பிய ஆண்டுகளில் இச்சிறு லீக்குகள் முன்னொருபோதும் கண்டிராத செழிப்பை அடைந்தன. 1949 இல் 59 லீக்குகள் இயங்கின. அவ்வாண்டிலே ஆட்டம் பார்க்க வந்தோர் தொகை ஏறத்தாழ 4 கோடி. பின்னர் தொலைக்காட்சி வீடுகளுக்குள் புகுந்தது. பெரு லீக் ஆட்டங்களைக் கூடத்தில் இருந்தபடியே பார்க்க முடிந்தது. ஊர்க் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. 1963 இல் நிகழ்ந்த மறுசீரமைப்பில் 'பி', 'சி', 'டி' ஆகிய வகுப்புகளே ஒழிக்கப்பட்டன. பௌமனின் பெயரை நிலைநாட்டிய சாதனை நிகழ்ந்தது இந்தச் 'சி' வகுப்பிலேயாகும். அதாவது, இன்று அந்தப் படியே இல்லை.

பௌமன் 1922 ஏப்ரல் 16 ஆம் நாள் ஒக்லஹோமா மாநிலத்திலுள்ள வெல்ச் என்னும் ஊரிற் பிறந்தவர். ஆறடி ஐந்தங்குல உயரமும் அதற்கேற்ற பருமனும் கொண்ட இடக்கைத் துடுப்பாட்டக்காரர். களத்தில் முதற்றளக் காப்பாளர். 1941 இல், 19 வயதிலே, தொழில்முறை ஆட்டத்துள் நுழைந்தார். அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்கா போரில் இறங்கியது. போர் ஆண்டுகளில் அவர் கடற்படையில் சேவை புரிந்தார். ஒக்லஹோமாவிலேயே, நோர்மன் என்ற இடத்திலிருந்த கடற்படை விமானத்தளத்தில் இருந்தார். அங்கும் பேஸ்போல் ஆடினார். ஆயினும், ஓர் ஆட்டக்காரன் ஏணியில் ஏறத் தொடங்கும் இருபதுக்கும் இருபத்து மூன்றுக்கும் இடைப்பட்ட வயதுகள் அவ்வாறு கழிந்தன. இதனை ஓர் அநீதி என்று சொல்வதற்கில்லை; அந்த ஆண்டுகளில் அவரின் வயதொத்தோர் பலர் உயிரையே இழந்தனர். எனினும், 'அவர் ஏன் மேலே போகவில்லை' என்று வினவுவோர் முதலில் எண்ணிக்கொள்ள வேண்டியது இதுவே.

1946 இல் ரெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோ நகரக் குழுவுக்கு ஆடி 48 ஹோம் ரன்களை அடித்தார். அடுத்த ஆண்டு 38. (அடித்த பந்து களத்தின் எல்லை வேலியைத் தாண்டிச் செல்ல, அடித்தவர் நான்கு தளங்களையும் சுற்றி வந்து ஓட்டம் பெறுவதே ஹோம் ரன் எனப்படுவது. கிறிக்கெற் ஆட்டத்தின் ஆறு ஓட்ட அடியை இதற்கு இணையாகச் சொல்லலாம்; ஆனால் இது அதனிலும் அரியது.) அவரது ஒப்பந்தம் பெரு லீக்கைச் சேர்ந்த பொஸ்ரன் பிரேவ்ஸ் கழகத்தின் கையில் இருந்தது. 1948 இல் அக்கழகம் அவரை மேலே நகர்த்திப் பார்த்தது. மூன்று 'ஏ' வகுப்பைச் சேர்ந்த மில்வோக்கி குழுவில் ஒரேயொரு தடவை துடுப்பெடுத்தாடினார். பின்னர் கிழக்குக் கரையிலுள்ள ஹாட்போட் குழுவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவ்வாண்டு முழுவதிலும் அவர் அடித்த ஹோம் ரன்கள் 10 மட்டுமே. அடுத்த பருவத்துக்குக் கழகம் முன்வைத்த ஊதியம் அவருக்கு ஏற்புடையதாக இல்லை. ஒக்லஹோமா நகரத் தெருக்களிலே சப்பாத்துக் கயிறு விற்றாலும் அதனிலும் கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்று அவர் மறுமொழி கூறியதாகச் சொல்லப்படுவது அமெரிக்கப் பேஸ்போல் உலகிற் பிரசித்தம்.

அவர் வெறும் பேச்சோடு நின்றுவிடவில்லை. தொழில்முறை ஆட்டத்தை விட்டு வெளியேறி, ஒக்லஹோமாவின் எல்க் சிற்றி என்னும் ஊருக்குச் சென்று, அங்கிருந்த அரைத்தொழில்முறைக் குழுவில் ஆடலானார். நெடுஞ்சாலையோரத்தில் பெற்றோல் நிலையம் ஒன்றையும் நடத்தினார். 27 முதல் 29 வரையான வயதுகள், அதாவது துடுப்பாட்டக்காரர் ஒருவரின் உடல் வலிமை உச்சத்தை எட்டும் காலம், அங்கே கழிந்தன. ஏணியின் கண் கொண்டு நோக்குவோர்க்கு இம்மூன்று ஆண்டுகளும் வெற்றிடமே. 1952 இல் நியூ மெக்சிக்கோவின் ஆர்ட்டீசியா என்ற சிற்றூர்க் குழு அவரை மீண்டும் தொழில்முறை ஆட்டத்துக்கு அழைத்தது. லோங்ஹோர்ண் லீக் எனப்பட்ட அவ்வட்டாரத்திலே 1952 இல் 50, 1953 இல் 53 என்று ஹோம் ரன்கள் குவிந்தன. 1954 இல் அவர் அண்டை நகரான றோஸ்வெல்லின் குழுவுக்கு மாறினார். றோஸ்வெல் என்ற பெயர் இன்று உலகறிந்தது. 1947 இல் அதன் அருகே வானிலிருந்து ஏதோ வீழ்ந்தது என்று எழுந்த கதையே அதற்குக் காரணம். அங்கே உண்மையாகவே வானில் பறந்து சென்ற பொருள்களைப் பற்றி உலகம் அவ்வளவாக அறிந்ததில்லை.

1954 ஆம் ஆண்டின் எண்கள் பின்வருமாறு: 138 ஆட்டங்கள், கணக்கிற் கொள்ளப்பட்ட 498 துடுப்பாட்டங்களில் 199 வெற்றியடிகள், சராசரி.400, அவரது துடுப்பினால் வந்து சேர்ந்த ஓட்டங்கள் 224, ஹோம் ரன்கள் 72. தொழில்முறைப் பேஸ்போலின் எந்தப் படியிலும் ஒரு பருவத்தில் அதுவரை எவரும் 69 இற்கு மேல் அடித்ததில்லை. 1933 இல் மினியாப்பொலிஸ் நகரில் ஜோ ஹவுசரும், 1948 இல் அமரில்லோவில் பொப் குறூசும் அந்த எண்ணை எட்டி நின்றனர். பருவத்தின் கடைசி நாளான செப்ரெம்பர் 5 அன்று, முன்பு தாம் ஆடிய ஆர்ட்டீசியாவின் களத்திலேயே, 69 உடன் பௌமன் இறங்கினார். அன்று இரண்டு ஆட்டங்கள். அவருக்குக் கூடுதலான வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் குழுவின் முகாமையாளர் பற் ஸ்ரேசி அவரை வரிசையில் முதலாமவராக அனுப்பினார். முதலாம் ஆட்டத்தில் எழுபதாவது வேலியைத் தாண்டியது. இரண்டாம் ஆட்டத்தில் மேலும் இரண்டு. அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஹோம் ரன் அடித்தவர் தளங்களைச் சுற்றி வந்ததும், பார்வையாளர் தம் இருக்கைகளை விட்டு எழுந்துவந்து, பார்வையரங்கின் முன்னுள்ள கம்பி வலையின் கண்களினூடாக டொலர்த் தாள்களை நீட்டுவர். ஆட்டக்காரர் வலையோரமாக நடந்து அவற்றைச் சேகரித்துக் கொள்வார். பௌமனின் வருமானத்தில் இதற்கும் ஒரு பங்கிருந்தது.

1956 இல் அவர் ஆட்டத்தை விட்டு நீங்கினார். தொழில்முறை ஆட்டத்தில் மொத்தம் 337 ஹோம் ரன்கள். பெரு லீக்கில் ஒரு பந்தைக்கூட அவர் எதிர்கொண்டதில்லை. றோஸ்வெல்லிலேயே தங்கிப் பெற்றோல் நிலையம் நடத்தினார். பின்னர் வேறு தொழில் பார்த்தார்.

இவ்வாழ்வின் மீது தொடுக்கப்படக்கூடிய வழக்கு எளிதானது. அரியதோர் ஆற்றல் ஒருவரிடம் இருந்தது. அதனை அவர் மூன்று ஆண்டுகள் பெற்றோல் நிலையத்தில் முடக்கினார். எஞ்சிய காலத்தை ஏணியின் அடிப்படிகளில் செலவிட்டார். ஆகவே அவர் தம் ஆற்றலுக்குத் துரோகம் செய்தவர். இவ்வழக்குக்கு மெய்யியலிற் சான்று தேடுவோர் இம்மானுவேல் கான்ற்றை அழைப்பர். 1785 இல் வெளிவந்த ஒழுக்கவியல் நூலில் கான்ற் கடமைக்குக் காட்டிய நான்கு எடுத்துக்காட்டுகளில் மூன்றாவது, திறமையிருந்தும் இன்பத்தை நாடி அதனை வளர்க்காது விடுபவன் பற்றியதாகும். அறிவுடைய ஓருயிர் தன்னிடமுள்ள ஆற்றல்கள் யாவும் துருப்பிடிக்க வேண்டும் என்பதைப் பொதுவிதியாக விரும்ப முடியாது என்பது அவரது வாதம்.

ஆயின் கான்ற் விதித்தது என்ன என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஆற்றலை வளர்ப்பதையே அவர் கடமை என்றார். அதனை விலை கூடிய சந்தைக்குக் கொண்டுசெல்வதைக் கடமை என்று சொல்லவில்லை. அக்கடமையையும், எவ்வளவு, எவ்வாறு என்பதை அவரவர் தீர்மானத்துக்கு விடும் தளர்வான கடமையாகவே வகுத்தார். பௌமன் ஆற்றலை வளர்க்கத் தவறினார் என்று எவரும் சொல்ல முடியாது. எல்க் சிற்றியிலும் அவர் ஆடிக்கொண்டே இருந்தார். முப்பத்திரண்டு வயதில், இருபத்தைந்து வயதிலிருந்ததிலும் பார்க்க மேலான ஆட்டக்காரராக விளங்கினார். அவர் செய்யாது விட்டது ஏறுதலை மாத்திரமே. வளர்தலும் ஏறுதலும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டுவதே ஏணியின் இயல்பு. நெடுங்காலம் ஏணியிலேயே வாழ்பவர்க்கு அவ்வேறுபாடு கண்ணிற் படுவதுமில்லை. பரீட்சைகளாற் கட்டப்பட்ட வேறோர் ஏணியின் நடுப்படிகளில் நிற்கும் பல்கலைக்கழகத்தாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதனிலும் வலுவான மறுப்பொன்று உண்டு. ஆற்றல் என்பது தனித்து நிற்கும் பொருளன்று. அது எதிர்ப்பட்டு நிற்கும் வலிமையினாலேயே அளக்கப்படுகின்றது. மற்போரில் சிறுவரை வீழ்த்துபவனின் வலிமை வெளிப்படுவதுமில்லை, முழுமை பெறுவதுமில்லை. பௌமன் எதிர்கொண்ட பந்தெறிவாளர்கள் பெரும்பாலும் ஏணியின் அடியில் நின்ற இளைஞர், அல்லது கீழிறங்கிக் கொண்டிருந்த முதியோர். றோஸ்வெல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,090 மீற்றர் உயரத்தில், வரண்ட காற்றுடைய சமவெளியில் அமைந்த நகரம். அங்கே பந்து எளிதிற் பறக்கும். சற்றே உயர்ந்த வகுப்பில் ஆடிய ஒரே முழுப் பருவத்தில் அவர் அடித்தவை பத்தே என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆகவே 72 என்ற எண், 1927 இல் பெரு லீக்கில் பேப் றூத் அடித்த 60 இனை விடப் பெரியது என்று எவரேனும் வாதிட்டால் அது பேதைமை. அவரைப் பாராட்டுவோரில் சிலர் அவ்வாறு வாதிடுவதுமுண்டு. ஏணியை மறுக்கப் புறப்பட்டு, ஈற்றில் அதன் உச்சிப்படியிலேயே அவரை ஏற்றிவைக்க முயலும் இவர்கள் அவருக்கு நன்மை செய்பவரல்லர்.

இம்மறுப்பு நிறுவுவது யாது? பௌமனின் வலிமையின் முழு எல்லை எது என்பதை உலகம் அறியவில்லை. அவரும் அறிந்திருக்க முடியாது. தகுந்த எதிரியின் முன் தன்னைச் சோதித்துப் பார்க்கும் அனுபவம் ஒன்று மனித வாழ்வில் உண்டு. அது மதிப்பு வாய்ந்தது. அது அவருக்குக் கிட்டவில்லை. இது உண்மையானதோர் இழப்பு. அதனை இழப்பன்று என்று சமாதானம் கூறுவது நேர்மையாகாது. ஆனால் இழப்பு வேறு, குற்றம் வேறு. செலுத்தப்படாத கடன் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமாயின், அதனைப் பெறுவதற்கு உரித்துடையவர் ஒருவர் இருத்தல் வேண்டும். பௌமனின் ஆற்றலுக்குக் கடன்கொடுத்தவர் யார்?

நடைமுறையில் அந்த உரிமையைக் கோரி நின்ற தரப்பு ஒன்று இருந்தது. அது அவரது ஒப்பந்தத்தை வைத்திருந்த கழகம். அன்றைய பேஸ்போல் ஒப்பந்தங்களிலே 'ஒதுக்கீட்டு வாசகம்' எனத்தக்க ஒரு நிபந்தனை இருந்தது. அதன்படி, பருவம் முடிந்த பின்னரும் ஆட்டக்காரர் அக்கழகத்துக்கே உரியவர்; கழகம் குறிக்கும் ஊதியத்துக்கு, கழகம் அனுப்பும் ஊரில் ஆடலாம்; அல்லது ஆடாதிருக்கலாம். வேறு கழகத்திடம் செல்ல வழியில்லை. பேஸ்போல் மாநிலங்களுக்கிடையிலான வணிகம் அன்று என்று 1922 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஏகபோகத்துக்கெதிரான சட்டங்களிலிருந்து கழகங்களுக்குப் பாதுகாப்பளித்தது. சிறு லீக் ஆட்டக்காரரான ஜோர்ஜ் ரூல்சன் தம்மை வேறு ஊருக்கு அனுப்பியதை ஏற்காது வழக்காடிய போது, 1953 இல் அதே நீதிமன்றம் பழைய தீர்ப்பையே உறுதி செய்தது. பௌமன் 72 அடித்தது அதற்கு அடுத்த ஆண்டில். நடுத்தீர்ப்பாளர் ஒருவரின் முடிவினால் அவ்வாசகம் வலுவிழந்தது 1975 இன் இறுதியிலேயே. சிறு லீக் ஆட்டக்காரர் தொழிற்சங்கத்தில் இணைந்ததோ 2022 இல். அவர்களது முதலாவது கூட்டு உடன்படிக்கை 2023 இல் உருவாயிற்று.

இப்பின்னணியில் வைத்து நோக்கும்போது 'ஆற்றலுக்குச் செலுத்த வேண்டிய கடன்' என்ற பேச்சின் சமூகப் பயன்பாடு தெளிவாகின்றது. தன் ஆற்றலை உச்சிவரை கொண்டுசெல்லக் கடமைப்பட்டவன் என்று ஓர் இளைஞன் நம்பும்வரை, கீழ்ப்படியிலே குறைந்த ஊதியத்துக்கு, இரவு முழுவதும் பஸ் வண்டியில் உறங்கி, அடுத்த பருவத்தை எதிர்பார்த்து அவன் உழைப்பான். அவனது நம்பிக்கையே அவனுக்குத் தரப்படாத ஊதியத்தின் ஒரு பகுதியாகின்றது. ஏணியை உடைமையாகக் கொண்டவருக்கு இந்நம்பிக்கை மிக மலிவாகக் கிடைக்கும் மூலதனம். பௌமன் தொழிலாளர் உரிமை பேசியவர் அல்லர். அவரைப் போராளியாக்குவது மிகையாகும். தம் உழைப்புக்குச் சொல்லப்பட்ட விலையைக் கேட்டார், கணக்குப் பார்த்தார், கட்டாது என்று கண்டார், போய்விட்டார். ஆயினும் அந்த எளிய செயல், அவரோடு ஆடிய பலருக்கு இயலாத ஒன்று.

இழப்பும் குற்றமும் வேறு என்பது போலவே, இழப்பும் அநீதியும் வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ரே டான்ட்றிஜ் என்னும் கறுப்பின ஆட்டக்காரர் 1913 இற் பிறந்தவர். அவரது சிறந்த ஆண்டுகள் முழுவதும் பெரு லீக்குகளின் கதவு நிறத்தின் பெயரால் மூடப்பட்டிருந்தது. 1947 இல் ஜக்கி றொபின்சன் அத்தடையைக் கடந்த பின், 1949 இல் நியூ யோர்க் ஜயன்ற்ஸ் கழகம் டான்ட்றிஜ்ஜை ஒப்பந்தம் செய்து மூன்று 'ஏ' வகுப்பான மினியாப்பொலிஸ் குழுவுக்கு அனுப்பியது. 1950 இல் அந்த லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை அவர் பெற்றார். 1951 இன் தொடக்கத்தில் அதே குழுவில் அவரோடு ஆடிய இருபது வயது வில்லி மேஸ் சில வாரங்களில் மேலே அழைக்கப்பட்டார். டான்ட்றிஜ் ஒருபோதும் அழைக்கப்படவில்லை. 1987 இல் பேஸ்போல் புகழ் மன்றத்துக்கு அவர் தெரிவானார். பௌமனையும் டான்ட்றிஜ்ஜையும் 'பெரு லீக்கை எட்டாதவர்கள்' என்று ஒரே பட்டியலிற் சேர்ப்பது கணக்கில் சரி, ஒழுக்கத்திற் பிழை. முன்னவர் கதவு அருகே சென்று, கேட்ட விலை பிடிக்காது திரும்பியவர். பின்னவர் கதவைத் தட்டிக்கொண்டே நின்றவர். ஏறாமலிருப்பதைத் தெரிவு செய்ய முடிந்ததே ஒரு வகையில் வெள்ளை நிறத்தவராகிய பௌமனுக்கு அன்றைய சமூகம் அளித்திருந்த சலுகை எனலாம். ஏணியைப் பொருட்படுத்தாது வாழ்வது உயர்ந்தது என்று போதிப்போர், அக்கூற்றை டான்ட்றிஜ்ஜின் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா என்று எண்ணிப் பார்த்தல் நன்று.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. 1939 இல் கொனெற்றிக்கற் மாநிலத்திற் பிறந்த ஸ்ரீவ் டல்கொவ்ஸ்கி என்ற பந்தெறிவாளரின் வேகத்துக்கு இணையில்லை என்று அதனைக் கண்டோர் பலர் சாட்சி கூறினர். ஆனால் பந்து எங்கே போகும் என்பது அவருக்கே தெரியாது. 1960 இல் கலிபோர்ணியாவின் ஸ்ரொக்ரன் குழுவுக்காக 170 இனிங்ஸ்களில் அவர் பந்தெறிந்து ஆட்டமிழக்கச் செய்தோர் 262 பேர். இலக்குத் தவறிய பந்துகளால் இலவசமாக முதற்றளத்துக்கு அனுப்பியோரும் சரியாக 262 பேர். பயிற்றுநர் பலர் அவரைத் திருத்த முயன்றனர். 1962 இல் ஏர்ள் வீவரின் கீழ் ஓரளவு கட்டுப்பாடு வந்தது. 1963 இன் பயிற்சிக்காலத்தில், பெரு லீக்கின் வாசலில் நிற்கும்போது, முழங்கை பழுதுற்றது. பின்னர் குடியும் பண்ணைக் கூலி வேலையுமாகப் பல ஆண்டுகள் சென்றன. 2020 இல் அவர் இறந்தார். அவரது ஆற்றல் அவருடையதாக இருக்கவேயில்லை. பதினெட்டு வயது முதல் அது பிறர் எல்லாரும் உரிமை கொண்டாடும் சொத்தாக இருந்தது. அவர் அதனைச் சுமந்து திரிந்தவர். 'இருந்திருக்க வேண்டியவர்' என்ற சொல் இவருக்கு வாழ்நாள் முழுவதும் சொல்லப்பட்டது. அச்சொல் எவருக்கும் நன்மை செய்ததாகத் தெரியவில்லை.

மீண்டும் றோஸ்வெல்லுக்கு வருதல் வேண்டும். 1954 இல் சென் லூயிஸ் நகருக்கு மேற்கே பெரு லீக் குழு ஒன்றேனும் இருந்ததில்லை. நியூ மெக்சிக்கோவின் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளருக்கும் பண்ணையாளருக்கும் கடைக்காரருக்கும் பெரு லீக் என்பது வானொலியில் கேட்கும் பெயர் மாத்திரமே. அவர்கள் கண்ணாற் கண்ட பேஸ்போல், இரவு விளக்குகளின் கீழ் பௌமன் ஆடிய பேஸ்போலே. அது பெரிய ஆட்டத்தின் மாதிரியாகவோ ஒத்திகையாகவோ அவர்களுக்குத் தோன்றியிருக்க முடியாது. கம்பி வலையினூடாக டொலரை நீட்டியவர், அவர் என்றோ ஒரு நாள் அடையவிருக்கும் புகழுக்காக அதனை நீட்டவில்லை. சற்று முன் வேலியைத் தாண்டிய பந்துக்காகவே நீட்டினார். அரிஸ்ரோட்டில் செயல்களை இரு வகையாகப் பிரித்தார். வீடு கட்டுதல் போன்றவை, முடிவை அடையும்வரை குறைபட்டவை. பார்த்தல் போன்றவை, நிகழும் ஒவ்வொரு கணத்திலும் நிறைவுற்றவை. சிறு லீக்குகள் ஆட்டத்தை வீடு கட்டுதலாக மாற்றி வைத்திருந்தன. ஒவ்வொரு பருவமும் அடுத்த படிக்கான செங்கல். உச்சியை அடையாதவனின் வீடு கூரையற்றது. 1949 இல் அக்கணக்கிலிருந்து வெளியேறியதனால், திரும்பி வந்தபோது பௌமனால் அதே ஆட்டத்தை வேறு விதமாக ஆட முடிந்தது. காலையில் பெற்றோல் நிலையமும் மாலையில் களமுமாக வாழ்ந்தவருக்கு அடுத்த படி என்று ஒன்று இருக்கவில்லை. அன்றைய ஆட்டமே இருந்தது.

வள்ளுவர் ஊக்கமுடைமைக்குப் பொருட்பாலில் ஓர் அதிகாரம் வகுத்தார். அவாவறுத்தலுக்கு அறத்துப்பாலில் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டும் ஒரே நூலில் எவ்வாறு நிற்கின்றன என்று உரைகாரர் துறவறம், அரசியல் என்று இடம் பிரித்து விடை கூறுவர். முயற்சியில் எள்ளளவும் குறையாது, அதே வேளையில் அம்முயற்சிக்கு மேலிடத்தில் விலை தேடாது வாழ்ந்த ஒருவரைக் காணும்போது, அந்த இடப்பிரிவு எப்போதும் தேவைதானா என்ற ஐயம் எழுகின்றது. பௌமனைத் துறவி என்று சொல்ல இது போதாது. காசு எண்ணத் தெரிந்தவர் அவர். துறந்தது பொருளையன்று; தம்மைப் பற்றிய பிறரின் கணக்கையே.

பெரு லீக்கில் 1998 இல் மார்க் மக்குவயர் 70 அடித்தபோது பௌமனின் எண் எஞ்சி நின்றது. தாம் ஊக்கமருந்து பயன்படுத்தியதை மக்குவயர் 2010 இல் ஒப்புக்கொண்டார். 2001 இல் பரி பொன்ட்ஸ் 73 அடித்ததோடு 47 ஆண்டுகள் நின்ற எண் பின்தள்ளப்பட்டது. அச்சாதனையையும் ஊக்கமருந்து பற்றிய ஐயம் தொடர்ந்தது. 2005 இல் றோஸ்வெல் நகரம் தன் ஆட்டக்களத்துக்கு ஜோ பௌமனின் பெயரைச் சூட்டியது. ஓகஸ்ட் மாதத்தில் அவ்விழாவுக்கு வந்த அவர் அங்கேயே தவறி வீழ்ந்து இடுப்பெலும்பு முறிந்தார். செப்ரெம்பர் 20 ஆம் நாள், 83 ஆவது வயதிலே காலமானார்.

சிறு லீக்குகளில் ஓர் ஆண்டில் மிகக் கூடுதலான ஹோம் ரன் அடிப்பவருக்கு 2002 முதல் அவர் பெயராலே ஒரு விருது ஏற்படுத்தப்பட்டது. அடித்த ஹோம் ரன் ஒவ்வொன்றுக்கும் 200 டொலர் பரிசு. 2004 இல் 46 அடித்து 9,200 டொலர் பெற்ற றயன் ஹவேட், அந்த ஆண்டிலேயே பிலடெல்பியாவின் பெரு லீக் குழுவில் ஆடத் தொடங்கினார். 2006 இல் அங்கே 58 அடித்தார். விருதைப் பெறும் இளைஞர் ஒவ்வொருவரும் அதனை இரண்டாம் முறை பெறாதிருக்கவே விரும்புவர்.